தொடாமல் விட வேண்டிய செடி

நான் கொண்டுபோன பிளாஸ்டிக் பையைச் செடிக்காரம்மா பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது பத்து நாளைக்கு முன்பு அவரே எனக்கு விற்ற செடி. இப்போது அது வெந்த கீரை மாதிரி கிடந்தது.

“இது மூணாவது தடவை சார்” என்றார்.

“எனக்கும் எண்ணத் தெரியும்” என்றேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு ஒன்பது மாடி ஏறி ஒரு லிஃப்டைச் சரிசெய்துவிட்டு நேராக இந்த வண்ணமீன் கடைக்கு வந்திருந்தேன். லிஃப்ட் மெக்கானிக்குப் படியேறுவதுதான் முக்கால்வாசி வேலை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. முழங்கால் இரண்டும் தனித்தனியாக வலித்தன.

செடிக்காரம்மா பொறுமைசாலி. கடையின் முன்பக்கம் மீனெல்லாம் அவர் தம்பி பார்த்துக்கொள்கிறார். பின்பக்கம் வரிசையாக இருக்கும் நீர்ச்செடித் தொட்டிகள் மட்டும் இவருடையவை. ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“தண்ணி?”

“ஒரு நாள் முழுக்க வாளியில பிடிச்சு வெச்சுத்தான் ஊத்துறேன்.”

“லைட்டு?”

“எட்டு மணி நேரம். டைமர் போட்டிருக்கேன்.”

“வேருக்குப் பக்கத்துல உர மாத்திரை?”

“நீங்க சொன்ன மாதிரியே புதைச்சேன்.”

இயந்திரத்தோடு வரும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிக்கிற ஆள் நான். சொன்னதில் ஒன்றைக்கூட விட்டிருக்க மாட்டேன். அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். செடியைத் தலைகீழாகத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். வேர்கள் எல்லாம் கத்தரித்த மாதிரி அரை விரல் நீளத்தில் அறுந்திருந்தன.

“நட்டதுக்கு அப்புறம் இதைப் பிடுங்கினீங்களா?”

“பிடுங்காம?”

“எத்தனை தடவை?”

யோசித்தேன். “காலையில ஒரு தடவை. சாயங்காலம் ரெண்டு, மூணு. ஞாயித்துக்கிழமைன்னா கணக்கில்ல.”

அவர் பையைக் கீழே வைத்துவிட்டார். தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவியவர்களைப் பார்த்திருக்கிறாராம், செடிக்குப் பால் ஊற்றியவரைக்கூடப் பார்த்திருக்கிறாராம். இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை என்று அவர் முகமே சொன்னது.

“எதுக்கு சார்?”

“வீட்ல சொல்வாங்க. இங்க வை, அங்க வைன்னு.”

வீட்டில் சொல்கிறவள் என் மனைவி. ஒரு பெரிய ஜவுளிக் கடையின் முகப்பில், தெருவைப் பார்த்த கண்ணாடிக்குள் பொம்மைகளுக்குத் துணி உடுத்தி நிறுத்துவது அவள் வேலை. பதினெட்டு வருடம். எந்தப் பொம்மை எதைப் பார்க்க வேண்டும், எந்தச் சேலையின் மடிப்பில் வெளிச்சம் விழ வேண்டும் என்பதெல்லாம் அவள் ராஜ்ஜியம். முதலாளிகூட அந்தக் கண்ணாடிக்குள் கால் வைக்க அவளிடம் கேட்பார். இரண்டு வருடத்துக்கு முன்பு, மேலே விளக்கைத் திருப்பப் போனவள் ஏணியோடு சரிந்தாள். கழுத்தில் அடி. இப்போது பேச்சு இருக்கிறது, அறிவு கத்தி மாதிரி இருக்கிறது, வலது கையில் சுட்டுவிரலும் அதையொட்டி மணிக்கட்டும் கொஞ்சம் அசைகின்றன. அவ்வளவுதான்.

கடையில் கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து இந்த மீன் தொட்டியை வாங்கிக் கொடுத்தார்கள். படுத்த வாக்கில் பார்ப்பதற்குச் சரியாக, கட்டிலுக்கு எதிரே அவள் கண்மட்டத்தில் பலகை அடித்து வைத்தேன். மீன்களை அவள் இரண்டு நாள் பார்த்தாள்.

“இதுங்க தன் இஷ்டத்துக்குப் போகுதுங்க. சொன்னாக் கேக்குதா?” என்றாள். “செடி வாங்கிட்டு வாங்க.”

அன்றைக்குப் பிடித்தது சனி. வேலைக்குக் கிளம்பும் முன், சட்டையைக் கழற்றிவிட்டு முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பேன். அவள் விரலைத் தூக்கிக் காட்டுவாள். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால். இல்லை, எல்லாம் ஒரே பக்கம். இல்லை, நடுவில் வெறுமையாக இருக்கட்டும். சாயங்காலம் வந்து, அவளைத் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, மாற்றி, சோறு ஊட்டி, நான் உட்காரலாம் என்று நினைக்கும்போது, “ஏங்க, அந்தச் செம்பு நிறச் செடி காலையிலேர்ந்து கண்ணை உறுத்துது” என்பாள். மறுபடி சட்டையைக் கழற்று.

நான் நல்லவன் என்று சொல்லிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தேன். சில நாள் வேண்டுமென்றே கோணலாக நட்டேன். அவள் கண்டுபிடிக்காமல் விட்டதே இல்லை.

செடிக்காரம்மா எனக்கு விளக்கினார். நான் வாங்குவது கிரிப்ட் என்ற இனம். இடம் மாறினாலே இலையெல்லாம் கரைந்து போகுமாம். ஆனால் வேர் உயிரோடு இருக்கும். அது செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப்போடுகிறவர்கள்தான் அதிகம். தொடாமல் விட்டால் ஒரு மாதத்தில் துளிர்க்கும், பிறகு அதை அசைக்க முடியாது.

“அப்படி மாத்தி மாத்தி வைக்கணும்னா இதை எடுத்துட்டுப் போங்க” என்று வேறொன்றைக் காட்டினார். ஜாவா ஃபெர்ன். மண்ணே வேண்டாம், ஒரு கல்லில் நூலால் கட்டிவிட்டால் போதும். கல்லோடு தூக்கி எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

எனக்கு உயிர் வந்தது. இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு போய், ஃபெர்னை அவள் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். அவள் நூலைப் பார்த்தாள்.

“கட்டிப் போட்டிருக்கு” என்றாள்.

“கட்டினா என்ன? உயிரோட இருக்கும்.”

“எனக்கு வேணாம். கட்டிப் போட்டு உயிரோட இருக்கறதைப் பார்க்கவா நான் படுத்திருக்கேன்?”

அப்போதே நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஒன்பது மாடி, மூன்று செத்த செடி, எல்லாம் சேர்ந்துகொண்டது.

“சரி. அப்ப கிரிப்டையே நடறேன். ஆனா ஒரு தடவைதான். அதுக்கப்புறம் யாரும் தொடக் கூடாது. செடிக்காரம்மா சொல்லிட்டாங்க. நீ இங்க வை அங்க வைன்னு சொல்றதுக்கு இது ஒண்ணும் உன் கடை இல்ல.”

எங்கே நடட்டும் என்று கேட்டேன். “உங்களுக்குத் தோணின இடத்துல” என்றாள். தோன்றிய இடத்தில் நட்டேன்.

செடிக்காரம்மா சொன்னபடியே எல்லாம் நடந்தது. நாலாம் நாள் இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, கரைந்து, தண்ணீரில் நூல்நூலாகத் தொங்கின. அழுகியதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன், வேரைத் தொடவில்லை. மூன்று வாரம் வெறும் மண்தான். நாலாம் வாரம் ஊசிமுனை அளவில் பழுப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று. ஆறாம் வாரம் தாய்ச் செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்ணைக் கிழித்துக்கொண்டு குட்டி ஒன்று வந்தது. கைபேசியில் படம் எடுத்துக் காட்டியபோது செடிக்காரம்மா தம்பியைக் கூப்பிட்டு, “இவரு யாருன்னு தெரியுதா? மூணு தடவை கொன்னவரு” என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஆறு வாரமும் எனக்குச் சொர்க்கம். சாயங்காலம் வந்து அவள் வேலைகளை முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்தேன். யாரும் கூப்பிடவில்லை. தோள்பட்டை வலி குறைந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பசிக்கிறதா என்றால் இல்லை, வலிக்கிறதா என்றால் இல்லை. பிறகு ஒரு நாள், “என்னைச் சுவர்ப் பக்கமா திருப்பிப் படுக்க வைங்க” என்றாள். வெளிச்சத்தில் கண் கூசுகிறதாம். திருப்பினேன். எங்கள் மகள் போனில் கேட்டபோது, “அம்மா இப்பல்லாம் தொந்தரவே பண்றதில்ல” என்று சொன்னேன். “அம்மாவாப்பா?” என்றாள்.

வாரம் இரண்டு நாள் ஒரு பெண் வந்து என் மனைவிக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிறாள். சின்ன வயது, கறாரானவள். ஒரு வியாழக்கிழமை அவள் வேலை முடிந்ததும் என்னைச் சமையலறைக்கு அழைத்தாள்.

“ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் அம்மாவோட விரல் நல்லா தேறிட்டு வந்துச்சு. நானே ஆச்சரியப்பட்டேன். எப்படின்னு கேட்டா, தொட்டி அலங்காரம்னு சிரிச்சாங்க. இப்ப விரலைத் தூக்கவே மாட்டேங்குறாங்க. நான் சொன்னாலும் முயற்சி பண்றதில்ல.”

“முடியலையா, மாட்டேங்குறாளா?”

“இப்போதைக்கு மாட்டேங்குறாங்க. இப்படியே விட்டா முடியாமப் போயிடும் சார். அவங்களுக்கு இருக்கறது அது ஒண்ணுதான்.”

அவள் போன பிறகு சமையலறையிலேயே நின்றேன். நான் தினமும் முணுமுணுத்துக்கொண்டு செய்ததுதான் என் மனைவி செய்த ஒரே பயிற்சி. அதை நிறுத்தி அவள் விரலையும் நிறுத்திவிட்டு, கால் நீட்டிப் பேப்பர் படித்திருக்கிறேன். பயமாக இருந்தது. அதைவிட, களைப்பாக இருந்தது. மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று தெரிந்ததும் வருகிற களைப்பு அது. ஒரு நிமிடம், யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாமே என்றுகூட நினைத்தேன். ஒரு நிமிடம்தான். ஆனால் நினைத்தேன்.

அறைக்குப் போய் அவளைத் தொட்டியின் பக்கமாகத் திருப்பினேன்.

“கண்ணு கூசுதுங்க.”

“கூசட்டும். அன்னிக்கு நான் சொன்னது தப்பு. கடைன்னு சொன்னது.”

“தப்பென்ன? உண்மைதானே. தொட்டி நல்லா இருக்கு. நான் சொன்னப்பல்லாம் செத்துச்சு, சொல்லாம இருந்தா பொழைச்சுக்கிச்சு. அப்புறம் நான் எதுக்கு?”

அவள் அழவில்லை. ஒரு கணக்குக்கு விடை சொல்வது மாதிரி சொன்னாள். பேசிச் சமாதானம் பண்ணுகிற ஆள் நான் இல்லை.

சட்டையைக் கழற்றினேன். கையை விட்டு, இருப்பதிலேயே பெரிய கிரிப்டின் அடியைப் பிடித்தேன். செடிக்காரம்மா சொன்னது சரிதான், லேசில் வரவில்லை. ஆறு வாரத்தில் தொட்டியின் பாதி மண்ணைப் பிடித்து வைத்திருந்தது. இழுத்தேன். வேர்கள் அறுபடுவது விரலில் தெரிந்தது. மண் கிளம்பித் தண்ணீர் கலங்கியது, மீன்கள் மூலைக்கு ஓடின.

“என்ன பண்றீங்க? அது செத்துப் போயிடும்.”

“போகட்டும்.”

“நல்லா இருந்த செடிங்க.”

“தெரியும். நானும் பார்த்துட்டுத்தானே இருந்தேன். எங்க வைக்கணும் சொல்லு.”

அவள் என்னையே பார்த்தாள். ஆறு வாரத்தில் அவள் என் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என் கையிலிருந்து செடி சொட்டிக்கொண்டிருந்தது, தரையெல்லாம் ஈரம். எனக்கு முழங்கால் வலித்தது. அவள் இனிமேல் சொல்லவே மாட்டாளோ என்று நினைத்தேன். வாழ்க்கையில் இதுவரை நான் யாரிடமும் வேலை கேட்டுக் கெஞ்சியதில்லை.

“சொல்லேன்” என்றேன்.

போர்வைமேல் கிடந்த விரல் நடுங்கியது. நின்றது. மறுபடி நடுங்கி, அரை அங்குலம் எழும்பியது.

“வலது மூலை” என்றாள். “சுவரோட ஒட்டாம.”

வைத்தேன். மண்ணை அள்ளி வேரை மூடினேன். கலங்கல் அடங்கும்வரை இருவரும் காத்திருந்தோம். பிறகு அவள் கண்ணைச் சுருக்கினாள்.

“சாய்ஞ்சிருக்கு” என்றாள்.

நான் மறுபடி பிடுங்கினேன்.