நேர்ந்துவிட்ட சேவல்

மாடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு இன்ஷிராஹ் தினமும் காலையில், காவலுக்கு ஓதும் குர்ஆன் வசனமான ஆயத்துல் குர்ஸி ஓதினாள். ஓதி முடித்ததும் உள்ளங்கையில் ஊதி முகத்தில் தடவிக்கொள்வாள், வலது கண் மேல் மட்டும் இரண்டு தடவை. தகரக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது பேயுமில்லை, ஜின்னுமில்லை. ஒரு சேவல். ஏழு மாதச் சேவல், நிறுத்துப் பார்த்தால் இரண்டு கிலோ தேறாது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஒரே ஒரு கண்ணை வைத்துக்கொண்டு பிழைக்கிறவளுக்கு, எம்பி எம்பி முகத்துக்கு வருகிற எதுவும் சின்னப் பிராணி இல்லை.

இடது கண் அவளுக்கு ஏழு வயதிலேயே போய்விட்டது. கண்வலி வந்தபோது யாரோ கைராசிக்காரி ஏதோ சாற்றைப் பிழிந்தாள், அதோடு சரி. மிச்சமிருந்த வலது கண்ணை வைத்து நாற்பது வருஷம் ஓட்டினாள், மஹ்ரூஸைக் கட்டினாள், இரண்டு பெண்களைப் பெற்றுக் கட்டிக்கொடுத்தாள். போன பங்குனி வெயிலில் அந்தக் கண்ணிலும் ஒரு ஓரமாகக் கறுப்புத் திரை இறங்க ஆரம்பித்தது. மன்சூரா நகரத்துக்குக் கூட்டிப் போய் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள்.

கிளம்புகிற அன்று காலையில் அடுப்படி மூலையில் அட்டைப் பெட்டிக்குள், பல்பு வெளிச்சத்தில், மூன்று வாரக் குஞ்சுகள் பன்னிரண்டு இருந்தன. அதில் ஒன்று மட்டும் எப்போது பெட்டியைத் திறந்தாலும் அவள் அங்கிக் கைக்குள் ஏறிப் போய்ச் சுருண்டு தூங்கும். அன்றைக்கும் தூங்கியது. அந்தச் சூடு முழங்கையில் படப்பட இன்ஷிராஹ் ஊர் தர்காவில் அடங்கியிருக்கும் பெரியவரை அழுதுகொண்டே வேண்டினாள். "சீதி அபூ சனாபில், என் கண்ணைக் காப்பாத்திக் குடு. என் கைக்குள்ள தூங்குற இந்தக் குஞ்சு உனக்கு. உன் கந்தூரிக்கு என் கையாலயே கொண்டாந்து விடறேன்." பதினோரு நாள் கட்டுப் போட்ட இருட்டில் கிடந்தாள். கட்டை அவிழ்த்தபோது டாக்டரின் மூக்குக் கண்ணாடியும், கண்ணாடிக்குள் ஜன்னலும், ஜன்னலுக்குள் வானமும் தெரிந்தன. தூசு கூடாது, அடி கூடாது, ஒரு விரல் பட்டால்கூடப் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பினார்.

அந்த ஊரில் நேர்ச்சை என்றால் விளையாட்டில்லை. சீதி பெயரில் நேர்ந்துவிட்ட கன்றுக்குட்டி யார் வயலில் மேய்ந்தாலும் விரட்ட மாட்டார்கள். நேர்ந்ததை அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது, கூண்டில் அடைக்கக் கூடாது, விற்கக் கூடாது. சீதியின் வருடத் திருவிழாவான கந்தூரியின் கடைசி நாளில் நேர்ந்தவர் கையாலேயே பிடித்து தர்காவில் சேர்க்க வேண்டும். அதுவரை அது சீதியின் சொத்து, வளர்க்கிறவர் வெறும் வேலைக்காரர்.

முதல் இரண்டு மாதம் வேலைக்காரிக்கு ஒரு குறையும் இல்லை. குஞ்சு அவள் பின்னாலேயே மொட்டைமாடி முழுக்கச் சுற்றியது. துணி காயப்போட்டால் கால் மேல் ஏறி நின்றது. "கண்ணு, கண்ணு" என்று அவள் கூப்பிட்டால் மற்ற பதினொன்றையும் தள்ளிவிட்டு ஓடி வரும். பிறகு கொண்டை சிவந்தது. தாடையில் மணி போல இரண்டு சதை தொங்கியது. தூக்கினால் திமிறியது. ஒருநாள் விடிந்ததும் தகர டப்பாவை இழுத்தாற்போல ஒரு சத்தம் மாடியில் கேட்டது. கூவப் பழகுகிறான் என்று மஹ்ரூஸ் விழுந்து விழுந்து சிரித்தான், இன்ஷிராஹும் சிரித்தாள்.

ஐந்தாம் மாதம் சிரிப்பு நின்றது. ஊறவைத்த ரொட்டியும் தவிடும் பிசைந்த சட்டியோடு அவள் மாடிக்குப் போனாள். சேவல் ஒரு பக்கச் சிறகைத் தரையில் இழுத்தபடி பக்கவாட்டில் நடந்து அவளைச் சுற்றியது. என்ன ஆட்டம் இது என்று தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். கழுத்து மயிர் சிலிர்த்து விரிந்தது, கால் இரண்டும் முன்னால் நீண்டன, சட்டி எகிறியது. அங்கியில் தொடைக்கு நேராக ஒரு கிழிசல். அடுத்த வாரம் இடுப்பு. அதற்கடுத்த வாரம் தோள்பட்டை. காலில் முள் வளர வளர அவன் எம்புகிற உயரமும் வளர்ந்தது. தோளுக்கு அடுத்து எது என்று அவளுக்குக் கணக்குப் போடத் தெரியும்.

"நீ பயப்படறது அவனுக்குத் தெரியுது. நான் போனா வாலைச் சுருட்டிக்கிட்டுத் தீனி திங்கறான்" என்றான் மஹ்ரூஸ். அவன் இரும்புக் கதவு பற்றவைக்கிற வேலைக்காரன். காலையில் போனால் இருட்டித்தான் வருவான், வெள்ளிக்கிழமை மட்டும்தான் வீட்டில் இருப்பான்.

"அதான்யா எனக்கு இன்னும் பயமா இருக்கு. உன்னை ஒண்ணும் பண்ணல. பக்கத்து வீட்டுக்காரி துணி எடுக்க வந்தா, அவளையும் ஒண்ணும் பண்ணல. என்னை மட்டும் ஏன்?"

"உன் அழகுல மயங்கிட்டான் போல."

"அடச்சீ மனுஷா! நான் உசுரு போற பயத்துல இருக்கேன், உனக்குக் கிண்டல். சீதிக்கு என் மேல என்ன கோபமோ? குடுத்த கண்ணைத் திருப்பி எடுத்துக்கத்தான் இவனை அனுப்பறாரோ என்னவோ!"

மஹ்ரூஸின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அவனும் சீதியை நம்பி வளர்ந்தவன்தான். "வாயைக் கழுவு" என்று மட்டும் சொன்னான். மறுநாள் வேலைக்குப் போகும்போது பற்றவைக்கிற முகமூடியை வாசலில் மாட்டி வைத்துவிட்டுப் போனான். கடையில் இன்னொன்று இருக்கிறதாம், இதை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போகச் சொன்னான்.

நல்ல யோசனைதான், ஆனால் அது வெல்டிங் நெருப்பைப் பார்க்கிற கண்ணாடி. பட்டப்பகலில் மாட்டினால் உலகம் அஸ்தமித்துப்போகும். இன்ஷிராஹ் அதைக் கவிழ்த்துக்கொண்டு, கையால் சுவரைத் தடவிக்கொண்டு மாடியில் கால் வைத்தாள். சூரியன் மட்டும் ஒரு பச்சைப் பொட்டாகத் தெரிந்தது. கோழிகள் காலடியில் கொக்கரித்தன. சேவல் எங்கே? தலையை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள், ஒன்றும் தெரியவில்லை. நாலாவது அடியில் தண்ணீர்த் தட்டில் கால் இடறியது. சாய்ந்தாள். சிறகுச் சத்தம் கேட்டது, முகமூடி மேல் 'டக்' என்று ஒரு அடி விழுந்தது.

எப்படிக் கீழே வந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து முகமூடியைக் கழற்றிப் பார்த்தாள். கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தது. நடுவில் இல்லை, இடது பக்கமும் இல்லை. வலது கண்ணுக்கு நேராக இருந்தது. அன்றைக்கு அவள் கோழிகளுக்குத் தீனி வைக்கவில்லை. பசியில் அதுகள் போட்ட கூச்சலைக் காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கந்தூரியின் கடைசி நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

செவ்வாய்ச் சந்தையில் உம் ஷவ்கி, அதாவது ஷவ்கியின் அம்மா, கோழி விற்கிறாள். ஈச்சங்குச்சிக் கூடைகளுக்கு நடுவில் ஒரு அரசி கணக்காக உட்கார்ந்திருப்பாள். அந்தப் பன்னிரண்டு குஞ்சும் அவளிடம் வாங்கியதுதான். அன்றே இன்ஷிராஹ் போய் நின்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல உம் ஷவ்கி அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"குஞ்சா இருந்தப்போ கைக்குள்ள தூங்கினானே, அவனா இப்படி?" என்றாள் இன்ஷிராஹ்.

"அப்போ அவனுக்கு ஒரு அம்மா இருந்தா, தூங்கினான். இப்போ பதினொரு பொண்டாட்டி. எந்த ஆம்பளைதான் மாறல? எம்புள்ள ஷவ்கி ஒரு பொண்டாட்டிக்கே என்னை மறந்துட்டான், போ." சிரித்துவிட்டு, சட்டென்று கையை உயர்த்தினாள். "அசையாதே. இப்போ என்னை எப்படிப் பார்க்கறே நீ?"

"எப்படிப் பார்க்கறேன்? கண்ணாலதான்."

"மூஞ்சியை ஒருபக்கமாத் திருப்பி, ஒத்தைக் கண்ணை என் மேல நட்டு வெச்சுப் பார்க்கறே. அட மகளே, ஒரு சேவல் இன்னொரு சேவலை இப்படித்தான் பார்க்கும். 'வாடா பார்க்கலாம்'னு அர்த்தம். தினம் காலைல போய் நீயே சண்டைக்குக் கூப்பிடறே, அவன் வர்றான். குஞ்சுக்கு அது புரியாது. இப்போ அவன் வயசுக்கு வந்துட்டான், புரியுது."

நாற்பது வருஷமாக இன்ஷிராஹ் எல்லோரையும் அப்படித்தான் பார்க்கிறாள். வேறு மாதிரி பார்க்க வழியில்லை.

"நான் எப்படித்தான் பார்க்கறது அப்போ?"

"பார்க்காதே. கண்ணை மூடிக்கிட்டுப் போ. மெதுவா நட, குனிஞ்சு நில்லு, தீனியைக் கையில வெச்சுக்கோ. அவனா வருவான்."

"கண்ணை மூடிக்கிட்டா? பைத்தியமா உனக்கு?"

"திறந்து வெச்சா கொத்தறான், மூடினா உனக்குப் பயம். இதுக்கு மேல என்கிட்ட மருந்து கிடையாது, ராணி" என்று உம் ஷவ்கி அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பினாள்.

அந்த ஒன்பது நாளும் அவள் மாடிக்குள் காலே வைக்கவில்லை. கதவை ஒரு சாண் திறந்து தீனியை வீசிவிட்டுப் படாரென்று சாத்தினாள். அடுப்படியில் நின்றபடி கண்ணை மூடிப் பழகிப் பார்த்தாள். மூன்று எண்ணுவதற்குள் திறந்துவிடுவாள். மூடினால் அந்தப் பதினோரு நாள் திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. சேவலுக்குப் பயந்தாள், சீதிக்குப் பயந்தாள், இரண்டையும்விட அந்த இருட்டுக்குத்தான் அதிகம் பயந்தாள்.

கடைசி நாள் வியாழக்கிழமை. காலையிலிருந்தே தர்காப் பக்கம் கொட்டுச் சத்தம் கேட்டது. மஹ்ரூஸ் வேலைக்குப் போகவில்லை. துடைப்பத்தோடு மாடிக் கதவருகில் நின்றான்.

"அதை வெச்சு என்ன பண்ணப் போறே? அடிக்கவா முடியும்?" என்றாள்.

"சும்மா ஒரு தைரியத்துக்கு. உனக்கில்ல, எனக்கு." அவன் முகம் வெளுத்திருந்தது. "வேண்டாம் இன்ஷிராஹ். நான் பிடிச்சுத் தர்றேன். சீதி ஒண்ணும் சொல்ல மாட்டார்."

"கண்ணு என்னோடது. வார்த்தையும் என்னோடது."

கதவைத் திறந்தாள். ஒரே ஒரு முறை பார்த்தாள். தண்ணீர்த் தொட்டி, கொடிக்கயிறு, கூடு, அதன் முன்னால் சேவல். அவன் கழுத்தை உயர்த்தினான். அவள் கண்ணை இறுக்கி மூடினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. வெயில் முகத்தில் பட்டது. நான்கு. சிமென்ட்டில் நகங்கள் கீறுகிற சத்தம் வலப்பக்கம் கேட்டது. அவள் குந்தி உட்கார்ந்து, சோளம் நிறைந்த கையை நீட்டினாள். நகச் சத்தம் பின்னால் போனது. அவளைச் சுற்றுகிறான். திற, திற, ஒரே ஒரு தடவை திற என்று உள்ளே ஏதோ கத்தியது. திடீரென்று பட படவென்று சிறகடிப்பு. காற்று கன்னத்தில் அடித்தது, இறகு நெற்றியில் உரசியது. "யா ரப்பி!" என்று கதவுப் பக்கம் மஹ்ரூஸ் அலறினான். அவள் இமையை இன்னும் இறுக்கினாள், வலிக்கிற வரைக்கும் இறுக்கினாள். அசையவில்லை.

ஒன்றும் விழவில்லை. எதிரில் ஆள் இல்லாத சண்டையில் சேவலுக்கு என்ன வேலை? அவன் தொண்டைக்குள் ஏதோ முணுமுணுத்தான். பிறகு உள்ளங்கையில் ஒரு கொத்து விழுந்தது, சுரீரென்றது. இன்னொரு கொத்து. சோளம் குறைந்துகொண்டே வந்தது. கொண்டை மணிக்கட்டில் படுகிற அளவுக்கு அவன் நெருங்கியதும், இடது கையை மெல்லத் தரையோடு நகர்த்தினாள். செதில் செதிலான கால் தட்டுப்பட்டது. பிடித்தாள். மறு காலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கி நெஞ்சோடு அணைத்தாள். சிறகுகள் இரண்டு அடி அடித்து ஓய்ந்தன. அவன் இதயமா அவள் இதயமா என்று தெரியாமல் ஏதோ ஒன்று திடுதிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

கண்ணைத் திறந்தாள். ஒன்றும் தெரியவில்லை.

திறந்துதான் இருக்கிறது, இமை மேலே போனதை அவள் உணர்ந்தாள். ஆனால் எதிரே கறுப்பு. வானமில்லை, மாடியில்லை, கையில் இருக்கிற சேவல்கூட இல்லை. "சீதி!" என்றாள். குரல் வரவில்லை. அப்படியானால் கண்ணைப் பறிக்கச் சேவல்கூடத் தேவைப்படவில்லை, அவளே இறுக்கி இறுக்கி அதைக் கெடுத்துக்கொண்டாள். சேவலை விடவும் தோன்றாமல், எழுந்திருக்கவும் தோன்றாமல், திறந்த கண்ணோடு அவள் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறுப்பில் ஒரு புள்ளி பழுப்பானது. பழுப்பு நீந்தியது, பரவியது, ஓரங்களில் மஞ்சளானது. பிறகு சிவப்பாக ஏதோ ஒன்று கலங்கிக் கலங்கித் தெளிந்தது. பல் பல்லாக, மூக்கின் நுனிக்கு ஒரு சாண் தள்ளி, சேவலின் கொண்டை. அதற்குப் பின்னால் கொடிக்கயிற்றில் மஹ்ரூஸின் நீலச் சட்டை. அதற்குப் பின்னால் வெயில்.

இன்ஷிராஹ் முகத்தைச் சேவலின் முதுகில் வைத்து ஓவென்று அழுதாள். மஹ்ரூஸ் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவள் தலையைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"என்ன ஆச்சு? கொத்திட்டானா? கண்ணு என்ன ஆச்சு? அழாதேடி, அழுதா கண்ணுக்கு ஆகாது!"

"கண்ணு இருக்குல்ல," என்றாள் அவள், விக்கலுக்கு நடுவில். "இருக்கிற கண்ணால அழுதுட்டுப் போறேன், விடு."