வெள்ளிக்கிழமை வரவு

1936 தையில் ஆறாவது தவணையாக எழுபத்தைந்து ரூபாயை எண்ணி வைத்துவிட்டுச் சென்னிமலை மீசையைத் தடவிக்கொண்டார்.

"இன்னும் ரெண்டே தைங்க. தோட்டம் நம்ம கைக்கு வந்துரும்."

அறுநூறு ரூபாய்க் கடன், வருடம் எழுபத்தைந்து, எட்டுத் தை. மனுசர் கணக்கு அவ்வளவுதான். வட்டி என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

தோட்டத்தை அடமானம் பிடித்திருந்த ராசிபுரம் தீர்த்தகிரி, பத்திரத்தின் பின்பக்கம் வரவு எழுதிவிட்டு நிமிர்ந்தார். "பாக்கி ஐநூத்தி எழுவத்தஞ்சு சொச்சமுங்க."

"ஏனுங்க, நானூத்தி அம்பது கட்டியிருக்கறேன்!"

"நூத்துக்கு மாசம் ஒரு ரூபா வட்டி. வருசம் எழுவது சொச்சம் அதுக்கே போயிருது. மிச்சந்தானுங்க முதலுக்குக் கழியும்."

ஏமாற்று ஒன்றும் இல்லை. சென்னிமலையின் மனைவி கண்ணாத்தாளுக்கு அதுதான் வயிற்றெரிச்சல். திருடன் என்றால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம்.

"வித்துப்போட்டுத் தலைமுழுகிரலாம் புள்ள" என்றார் சென்னிமலை, திரும்பும் வழியிலேயே. அந்த இரண்டு ஏக்கர் போனால் மறுநாளே இருவரும் கூலிக்குத்தான் போகவேண்டும். விற்கவிடக் கூடாது என்று அவள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள். மோர் கடையும்போதும் மாடு கறக்கும்போதும் அதே கணக்குத்தான் மனசுக்குள் ஓடியது.

"இப்படியே கட்டுனா இன்னும் இருவத்திரண்டு வருசத்துக்கு மேல ஆவுமுங்க" என்றாள் ஒருநாள். "நாம ஊத்தற நெய்க்குக் கடைக்காரரு மாசம் முதல் வெள்ளி ஆறு ரூபா குடுக்கறாரில்ல? அத அன்னிக்கே வட்டிக்குக் கட்டிருவோம். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்க மோர் வித்த காசு போதும். தையில குடுக்கற எழுவத்தஞ்சும் அப்படியே முதலுக்குப் போவும். முதல் கொறையக் கொறைய வட்டியும் கொறையும். ஆறு தையில முடிஞ்சுரும்."

கணக்கு அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. கிழமைதான் பிடிக்கவில்லை. "வெள்ளிக்கெழமை காசு குடுக்கறதா? ஊட்டு லட்சுமி போயிருவா!" அந்தப் பக்கத்தில் வெள்ளியன்று அடுத்த வீட்டுக்கு உப்புக்கூடத் தரமாட்டார்கள்.

"மறுநாள் வரைக்கும் அந்தக் காசு நம்மூட்டுல என்னிக்காவது தங்கியிருக்குதா? பருத்திக்கொட்டைக்காரன் வந்து வாங்கிட்டுப் போயிருவான். லட்சுமி போயி ஆறு வருசமாச்சுங்க. அவ ராசிபுரத்துலதான் இருக்கறா."

அடுத்த மாதம் முதல் வெள்ளி, நெய்க்கடையிலிருந்து நேராகத் தீர்த்தகிரி வீட்டுக்குப் போனாள். காசைப் பார்த்ததும் அவருக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. புரியாமலா அந்தத் தொழில் செய்கிறார்!

"எதுக்கு அம்மிணி மாசாமாசம் அலையறீங்க? தையில மொத்தமாக் குடுங்க. அதுவுமில்லாம இன்னிக்கு வெள்ளிக்கெழமை."

"எனக்குத்தானுங்க வெள்ளிக்கெழமை காசு போவுது. உங்களுக்கு வருதுங்களே" என்றாள் கண்ணாத்தாள், உள்கட்டுக்கும் கேட்கும்படி. "வேண்டாம்னு திருப்பி அனுப்பறீங்களா?"

தீர்த்தகிரி வாய் திறப்பதற்குள் அவர் மனைவி தெய்வநாயகி தாம்பாளத்தோடு வெளியே வந்துவிட்டாள். "வெள்ளியும் அதுவுமா வாசலுக்கு வந்த லட்சுமியத் தொரத்துவாங்களா? வாங்குங்க!"

தாம்பாளத்தில் ஆறு ரூபாய் விழுந்தது. வட்டி போக முதலுக்குக் கழிந்தது நாலணாதான். தீர்த்தகிரி முகத்தைச் சுளித்துக்கொண்டே அந்த நாலணாவையும் எழுதினார். அதன் பிறகு ஒரு மாதம்கூட அவள் விடவில்லை. ஐப்பசி மழையில் நனைந்துகொண்டும் போனாள். சென்னிமலை மட்டும் ஒவ்வொரு வெள்ளியும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

தை வந்தது. எழுபத்தைந்தையும் கட்டிவிட்டுத் தோட்டத்து வழியாகத் திரும்பினார்கள்.

"ஐநூறுக்குக் கீழ எறங்கிருச்சுங்கறாரு. அது எவ்வளவுன்னு எனக்கு ஒண்ணும் பிடிபடல" என்றார் சென்னிமலை.

கண்ணாத்தாள் அவரைக் கிணற்றோரம் நிறுத்தினாள். "ரெண்டு ஏக்கருக்கு அறுநூறுங்க. செண்டுக்கு மூணு ரூபா. ஆறு வருசம் கட்டி நாம மீட்டது எட்டே செண்டு." வாய்க்கால் வரை காட்டினாள். பிறகு கடலைக்கொடியை விலக்கிக்கொண்டு தென்னைமரம் வரை நடந்து போய் அங்கே நின்றாள். "இந்த ஒரு வருசத்துல இருவத்தாறு செண்டு."

அவர் வாய்க்காலைப் பார்த்தார். அவள் நின்ற இடத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"வாற வெள்ளி நானே போய்க் கட்டிட்டு வாரேன் புள்ள" என்றார்.