நீலமேகம் மில்லின் தொட்டில்

எழுபத்தொன்பதில் உலகமே குழந்தைகள் ஆண்டு கொண்டாடியது. நம் அரசாங்கம் மட்டும் சும்மா இருக்குமா? மில்லில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளுக்கு நிழலும் தொட்டிலும் இருக்க வேண்டும், இல்லாத மில்லில் அரசு விடுதிகளுக்கு ஒரு மூட்டை அரிசிகூட வாங்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. உத்தரவைக் குறை சொல்ல முடியாது. அதைப் பார்த்துவர அனுப்பிய ஆளைத்தான் சொல்ல வேண்டும்.

நீலமேகத்துக்கு இரண்டு மில். ஒன்று கோவில்பத்தில், இன்னொன்று மண்டபத்தூர் சாலையில். இரண்டிலும் கூரை உண்டு, நெல்லுக்கு. பிள்ளைகள் நெல் அவிக்கும் அண்டாவுக்குப் பக்கத்தில் சாக்கில் கிடக்கும். கோவில்பத்து மில்லில் வேலை பார்த்த குஞ்சம்மாவின் மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். களத்தில் நெல்லைக் கிளறும்போதெல்லாம் குஞ்சம்மா அண்டாப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். அதற்காகவே மேஸ்திரியிடம் திட்டு வாங்குவாள்.

அதிகாரி வருகிற அன்று காலையில் அங்கே கீற்றுப் பந்தல் முளைத்தது. நீலமேகத்தின் பேரனுடைய தேக்குத் தொட்டிலும் வந்திறங்கியது. குஞ்சம்மா நம்பிவிட்டாள், பாவம். மகளை அதில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேலை செய்தாள்.

புதுச்சேரியிலிருந்து வந்த அதிகாரி தியாகராசன் தொட்டிலை ஆட்டினார், தலையையும் ஆட்டினார். பிறகு நீலமேகம் வீட்டில் விருந்து. அவர் வஞ்சிர வறுவலை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தபோது பந்தலும் தொட்டிலும் லாரி ஏறின. வெறும் தொட்டில் எடுபடாது என்று, தூங்கிய பிள்ளையையும் சேர்த்தே ஏற்றச் சொல்லியிருந்தார் நீலமேகம்.

பால் கொடுக்க வந்த குஞ்சம்மா, பந்தல்கால் நட்ட குழிகளைத்தான் பார்த்தாள்.

"மண்டபத்தூர் மில்லுக்குப் போயிருக்கு" என்றான் மேஸ்திரி, மூட்டையைப் பற்றிச் சொல்வதுபோல்.

அவள் சாலைக்கு ஓடி, வந்த பஸ்ஸை மறித்து ஏறினாள். போய்ச் சேர்ந்தபோது தியாகராசன் அங்கே அதே தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். குஞ்சம்மா அழுத பிள்ளையை வாரி எடுத்தாள்.

"ஒன்ன கோவில்பத்துல பாத்தேனே?" என்றார் தியாகராசன்.

"ரெண்டு மில்லுலயும் வேலை பாக்குதுங்க சார்" என்றார் நீலமேகம்.

"இருக்குறது ஒரே தொட்டிலுங்க. எம்புள்ளயோட அங்கேருந்து இங்க தூக்கியாந்துட்டாங்க" என்றாள் குஞ்சம்மா. "எதாவது ஒரு மில்லுலயாச்சும் இது இருக்கச் சொல்லுங்கய்யா. அண்டாவ நெனச்சா பயமா இருக்கு."

தியாகராசனுக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததாகக் காட்டினால் இரண்டு மில்லையும் தள்ள வேண்டும். தின்றது செரிக்காது.

"தொட்டில் இருந்துச்சுல்ல? நான்தான் பாத்தேன்ல?" என்று சொல்லி, இரண்டு மில்லுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். அன்று அவர் தின்ற மீனுக்கு இருந்த முதுகெலும்புகூட அந்த மனுஷனுக்கு இல்லை.

ஜீப் மறைந்ததும் நீலமேகம் குஞ்சம்மாவைப் பார்த்தார்.

"நாளைக்கு வேலை வேணும்னா, இதச் சுத்தமா கழுவி லாரில ஏத்து. ராத்திரி எம் பேரன் படுக்கணும்."

குஞ்சம்மா மகளைச் சாக்கில் கிடத்தினாள். தொட்டிலைத் தேய்த்துக் கழுவினாள். நடுநடுவே அண்டாப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.