ஒய் தனியாக நிற்க வேண்டும்

சட்டைக் காலர் தைத்தே கழுத்து ஒடிந்துபோனவள் ஒருத்தி இருந்தாள், கண்ணுகளா. அவள் ஆலையில் துணி வெட்டும் பிரிவுக்கு ஓர் ஆள் எடுக்கிறார்கள், கணக்குத் தேர்வு உண்டு என்றார்கள். இருப்பதோ ஒரே இடம். அதைப் பிடித்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றாள் காலர்காரி.

கோட்டின் சாய்வு கண்டுபிடிக்கும் பாடத்தில்தான் வண்டி குடை சாய்ந்தது. ‘ஒய் சமம் இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று’ என்றால் சாய்வு இரண்டு. சரி, எக்ஸுக்கு முன்னால் நிற்கிற எண்தான் சாய்வு என்று மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அடுத்தது ‘இரண்டு எக்ஸ் கூட்டல் நான்கு ஒய் சமம் எட்டு’. அதற்கும் இரண்டு என்று எழுதினாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையோ கழித்தல் அரை என்றது. திரும்பத் திரும்பப் பார்த்தாலும் அவளுக்கு இரண்டுதான். அச்சுக்காரன் தூங்கி வழிந்திருப்பான் என்று திட்டினாள். அந்தக் கோபத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. புருஷன் எட்டிப் பார்த்து, சாய்வுதானே, நம்ம வீட்டுச் சுவரைப் பார்த்து எழுதேன் என்றான். அவள் பார்த்த பார்வையில் வாசல் பக்கம் நழுவினான்.

நாத்தனார்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணி, முதல்ல ஒய் தனியா நிக்குதான்னு பாருங்க. இங்க நாலைச் சுமந்துக்கிட்டு, எக்ஸோட ஒட்டிக்கிட்டுல்ல நிக்குது.”

“இந்த வீட்ல யாரு தனியா நிக்க முடிஞ்சிருக்கு, ஒய் நிக்கிறதுக்கு?”

முணுமுணுத்துக்கொண்டே எக்ஸை அந்தப் பக்கம் தள்ளினாள், குறி மாறியது. எல்லாவற்றையும் நாலால் வகுத்தாள். கழித்தல் அரை வந்து நின்றது.

தேர்வில் கடைசிக் கேள்வி, ‘மூன்று எக்ஸ் கழித்தல் ஒய் சமம் ஏழு’. ஒய்யைத் தனியாக்கினாள். அதன் முன்னால் ஒரு கழித்தல் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாக் குறிகளையும் மாற்றினாள். சாய்வு மூன்று என்று எழுதியவள் கேள்வியை மறுபடி பார்த்தாள். எக்ஸுக்கு முன்னால் நின்ற அதே மூன்று. பழைய தப்பேதான் என்று நினைத்தாள். சூடு கண்ட பூனை அல்லவா? அழித்துவிட்டு, கழித்தல் மூன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் சொன்னபோது நாத்தனார் அதை ஒரு தாளில் போட்டுப் பார்த்தாள்.

“மூணுதான் அண்ணி” என்றாள், மெல்ல.

“அதைத்தானே முதல்ல எழுதினேன்.”

“சில சமயம் எக்ஸுக்கு முன்னால நிக்கிறதும் சாய்வும் ஒண்ணாவே வந்துடும் அண்ணி.”

அந்த இடம் பொத்தான் தைக்கிறவளுக்குப் போனது. ஒரே ஒரு கேள்விதான் வித்தியாசம். காலர்காரி வீட்டுக்கு வந்து, கைகூடக் கழுவாமல் அந்தக் கணக்கை மறுபடி போட்டாள். மூன்று வந்தது. தாளைத் திருப்பி இன்னொரு தரம் போட்டாள். மூன்றேதான் வந்தது.