தயக்கத்துக்குப் படம் இல்லை

1

இந்தக் கதை சபுராவின் எரிச்சலில் பிறந்தது. என் சிநேகிதி அவள். உக்கடம் பக்கம் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. போனில் அவள் கொட்டித் தீர்த்ததைத்தான் எழுதுகிறேன். 'மழை தூறிய ஒரு காலையில் சபுரா…' என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். அன்றைக்கு மழையே இல்லை.

2

பாடக் கதையில் ஒரு முயல் ஓடையைத் தாண்டத் தயங்கும். அதிலிருந்து புதுச்சொற்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படத்தோடு பாடத்திட்டம் எழுத வேண்டும். எழுதியதைத் தலைமையாசிரியை அம்புஜம் திருப்பித் திருப்பி அனுப்பினார். ஓடைக்குப் படம் இருக்கிறது, புதருக்கு இருக்கிறது. தயக்கத்துக்கு எங்கே போவது? முயலுக்குப் பயம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்றார்.

"பயம் வேற, தயக்கம் வேறங்க மேடம். பயந்தா ஓடிப்போயிரும். இது போகவும் இல்ல, தாண்டவும் இல்ல. அங்கயே நிக்குது."

(அம்புஜத்தைக் கொடுமைக்காரியாக எழுத எனக்குக் கை அரிக்கிறது. ஆனால் அந்தச் சொல் வேண்டாம் என்று அவர் சொன்னதே கடைசியில் சரியாகப் போயிற்று. அதுதான் கடுப்பு.)

3

சபுரா தன் இஷ்டப்படியே நடத்தினாள். வகுப்பு வாசலில் நின்று ஒரு காலை உள்ளே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். இதற்குப் பேர்தான் தயக்கம் என்றாள். பிள்ளைகளுக்குப் புரிந்தது. வேண்டியதற்கு மேலேயே புரிந்தது.

ஆஸிம் எழுந்து கைகாட்டினான். "மிஸ், லின்சியும் அப்படித்தானுங்க மிஸ்."

லின்சி வால்பாறையிலிருந்து அந்த வருஷம்தான் வந்து சேர்ந்தவள். ஏதாவது கேட்டால் வாயைத் திறப்பாள், பேசாமலே மூடிக்கொள்வாள். சாயங்காலத்துக்குள் தயக்கம் என்பதே அவள் பேராகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மறுநாள் அவள் வரவில்லை. மில் வேலைக்குப் போகிற வழியில் அவள் அம்மா சூசைமேரி வந்தாள். சண்டை போடவில்லை.

"ஏனுங்க டீச்சர், பாப்பாவுக்கு நாங்க வெச்ச பேரு நல்லாத்தானுங்க இருக்குது?"

சபுரா மன்னிப்புக் கேட்டாள். பிள்ளையை நாளைக்கு அனுப்பும்படி கெஞ்சினாள்.

4

சொல்லிக்கொடுத்த ஒரு சொல்லைத் திரும்ப வாங்க எப்படித் திட்டம் போடுவது? பட்டப்பேர் வைக்கக் கூடாது என்று கண்டித்தால்… (வேண்டாம். எல்லாரும் மறுபடி லின்சியைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். சபுரா எழுதி அடித்தாள். நானும் எழுதி அடித்தேன்.)

கடைசியில், லின்சி திரும்பி வந்த அன்று, ஒவ்வொருவரும் எதற்குத் தயங்குவோம் என்று சொல்ல வேண்டும் என்றாள். மேம்பாலத்தில் வண்டி ஓட்டத் தயங்குவேன் என்று தானே ஆரம்பித்தாள். பூஜிதாவுக்கு இன்னொரு முட்டை கேட்கத் தயக்கம். ஆஸிம் வெகுநேரம் நெளிந்துவிட்டு, இருட்டில் பாத்ரூம் போக என்றான். யாரும் சிரிக்கவில்லை. முறை வரிசையாக நகர்ந்து லின்சியிடம் வந்தது. அவள் எழுந்து நின்றாள்.

5

இங்கே ஒரு முடிவு எழுதினேன்: லின்சி கடகடவென்று பேச, அம்புஜம் கதவோரம் கண் துடைக்கிறார். படித்தபோது எனக்கே கூசியது. இன்னொன்றில் அவள் அழுதுகொண்டே உட்கார்ந்துவிடுகிறாள். அது அதைவிட மோசம். என்னதான் சொன்னாள் என்று சபுராவிடமே கேட்டேன். அதை லின்சியிடம்தான் கேட்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டாள்.

அதனால் நானும் அவள் வாயில் எதையும் திணிக்கப் போவதில்லை. லின்சி வாயைத் திறந்திருக்கிறாள். சாப்பாட்டு பெல் அடித்துவிட்டது. ஆஸிம்கூட எழுந்திருக்கவில்லை. நீங்களும் கொஞ்சம் உட்காருங்கள்.