தகரத்துப் பெண் குனியவில்லை

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடுகளை நிர்வாகம் இடித்துத் தள்ளியபோது, யுவனேஸ்வரி லோரியோடு போய்க் கூரைத் தகரங்களையும் கதவுக் கீல்களையும் மழுங்கிப்போன கொழுந்துக் கத்தரிகளையும் அள்ளி வந்தாள். பிறந்த வீடு குப்பைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. ரிங்லெட்டில் இருந்த தன் பட்டறையில் அவற்றை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, ஆளைவிட உயரமாக ஒரு பெண்ணை எழுப்பினாள். சாயம் பூசவில்லை. அடுப்புப் புகையும் துருவும் தகரத்தில் எழுதியிருந்த வீட்டு எண்களும் அப்படியே தெரிந்தன.

மலைக்கு மேலே பிரிஞ்சாங்கில் ஓர் ஓட்டல், வாசலில் வைக்கக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் சிலை கேட்டிருந்தது. தம்பி ரூபன் லோரி ஓட்ட, கொண்டுபோனாள். மேனேஜர் குகனேஸ்வரன் லோரியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கொழுந்து பறிக்கிறவங்க குனிஞ்சுதானம்மா இருப்பாங்க? கூடையையும் காணோம், சிரிப்பும் இல்ல. டூரிஸ்ட் போட்டோ எடுக்கணும் லா."

"வேலையில குனிவாங்க சார். மத்த நேரம் நிமிர்ந்துதான் நிப்பாங்க. எங்கம்மாவை அப்படித்தான் பார்த்திருக்கேன்."

"சரி, அந்த நம்பரையாவது அழிச்சிடு. பழைய கதை எதுக்கு?"

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டை இடித்தது போதாதென்று அதன் எண்ணும் இருக்கக் கூடாதா?

"கதை இல்ல சார், அது எங்க அட்ரஸ். ரூபா, லோரியைத் திருப்பு."

மலைப்பாதையில் இறங்கும்போது ரூபன் மெல்லக் கேட்டான். "அவசரப்பட்டுட்டியாக்கா?"

"இருக்கலாம். ஆனா அவளைக் குனிய வைக்க என் கை வராதுடா."

ரிங்லெட்டுக்கு வெளியே, மாமா மகேனின் காய்கறித் தோட்டம் மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. மேலே போகும் ஒவ்வொரு காரும் பார்க்கட்டும் என்று அங்கேயே சிமெண்ட் போட்டு நிறுத்தினாள்.

வேலை முடிந்து வந்த அம்மா மணியம்மா சிலையின் தோளைத் தடவிப் பார்த்தாள். "நம்ம அடுப்படித் தகரம்டி இது!" என்றவள் சற்று விலகி நின்று பார்த்தாள். "மூக்குதான் கொஞ்சம் கோணல். இருக்கட்டும், நல்லா முறைக்கிறா."

மறுநாள் காலையில், லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்த காளியம்மா, மகனின் மோட்டார் சைக்கிளில் ஒரு ஜன்னல் கம்பிச் சட்டத்தோடு வந்து இறங்கினாள்.

"என் வீட்டுல மிஞ்சினது இதுதான். அவ பக்கத்துல என்னையும் நிப்பாட்டு. நானும் ரோட்டைப் பார்த்து நிக்கணும்."

யுவனேஸ்வரி சட்டத்தை வாங்கிக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள்.