கை பின்னால்

காலை மணி அடிப்பதற்கு முன்பே கம்ப்யூட்டர் மிஸ் மேசைக்கு அடியில் இருந்தாள். கணினி அறையைப் பெருக்க வருகிற அம்மா, ஒயர்களைப் பிடுங்கிவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பாள். பெருக்கி முடித்ததும் எது எங்கே போகும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரு கொத்தாகச் சுருட்டி, மரியாதையாக ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். தினமும் முட்டி போட்டுத் தவழ்ந்து அவற்றைத் திரும்பச் செருகுவதில்தான் மிஸ்ஸின் வேலை தொடங்கும்.

அங்கிருந்து பார்த்தால் மனிதர்கள் கணுக்கால் வரைதான் தெரிவார்கள். அவளுக்கு அது போதும். வரலாறு டீச்சர் வருவதற்கு முன்பே அவர் செருப்பின் சத்தம் வந்துவிடும். கணக்கு சாரின் கறுப்பு ஷூவின் நுனியில் எப்போதும் சாக்பீஸ் தூள் படிந்திருக்கும், அவர் கால்விரல்கள் மேல் மட்டும் பனி பெய்ததுபோல.

அன்று வந்து நின்றவை தலைமை ஆசிரியையின் பழுப்புச் செருப்புகள்.

"மிஸ், வெளிய வாங்க. முக்கியமான விஷயம்."

"ஒரு நிமிஷம் மேடம். இந்த ஒயரை விட்டா திரும்பப் பிடிக்க முடியாது."

"சரி, அங்கேருந்தே கேளுங்க."

கல்வி அலுவலகத்திலிருந்து புதிய தரநிலைகள் வந்திருந்தன. இனி ஒவ்வொரு ஆசிரியரும் பெரிய திரையையும் டேப்லெட்டையும் வைத்துப் பாடம் நடத்த வேண்டும். ஆண்டு முடிவதற்குள் ஆய்வாளர்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். தேறாதவர்களை வகுப்பிலிருந்து எடுத்து வேறு ஏதாவது வேலைக்குப் போடுவார்கள்.

"போன தடவை வந்த கம்பெனியையே பயிற்சிக்குக் கூப்பிடலாம்னு சொல்றாங்க," என்றார் தலைமை ஆசிரியை.

"வேண்டாம் மேடம்," என்றது மேசைக்கு அடியிலிருந்து குரல்.

போன தடவை ஒரு கோட்டுப் போட்ட இளைஞன் மண்டபத்தில் நின்று மூச்சு விடாமல் பேசினான். எல்லாருக்கும் சான்றிதழும் ஒரு துணிப்பையும் கொடுத்தார்கள். பை நல்ல பை. வரலாறு டீச்சர் இன்னும் அதில்தான் சாப்பாடு கொண்டுவருகிறார். திரையைப் போடுவதற்கு மட்டும் இன்றுவரை, "மிஸ்!" என்று கணினி அறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"அப்ப நீங்களே திட்டம் போடுங்க. உங்க இஷ்டப்படி செய்ங்க, நான் குறுக்க வர மாட்டேன்." பழுப்புச் செருப்புகள் போகத் திரும்பி, நின்றன. "எல்லாரும் தேறிட்டா, உங்க நிரந்தரத்துக்கு நானே எழுதறேன். சத்தியமா எழுதறேன்."

மிஸ் நிமிர்ந்த வேகத்தில் மேசை அவள் தலையில் இடித்தது. வலி தெரிவதற்கு முன்பே, "ரொம்ப நன்றி மேடம்," என்று சொல்லிவிட்டாள்.

அவள் ஒப்பந்த ஆசிரியை. விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது திரும்பக் கூப்பிடுவார்களா என்பது ஒவ்வொரு ஆண்டும் பள்ளி திறந்த பிறகுதான் தெரியும். அதனால் அவள் வீட்டில் எல்லாமே நிரந்தரத்துக்காகக் காத்திருந்தன. மூடாத ஃபிரிட்ஜ் கதவை ஒரு நாற்காலி தாங்கிக்கொண்டு நின்றது. விருந்தாளி வந்தால் அதே நாற்காலியில்தான் உட்கார வேண்டும். அவர்கள் எழுந்தால் ஃபிரிட்ஜ் திறந்துகொள்ளும். உள்ளறையின் ஒரு மூலை காலியாகவே கிடந்தது. அங்கே என்ன வைப்பது என்று கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதில்லை. தொட்டில் வைக்கிற அளவுதான் இடம்.

"சத்தியம் வேற பண்ணிட்டாங்களா?" என்றான் கணவன். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை முடித்துவிட்டு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். "அப்ப நாற்காலிக்கு விடுதலை கிடைக்கப் போகுதுன்னு சொல்லு."

"முதல்ல கணக்கு சார் தேறணும்ங்க. அவர் டேப்லெட்டைப் பார்த்தாலே எழுந்து வணக்கம் சொல்லிடுவார் போல இருக்கு."

அவள் உட்கார்ந்து திட்டம் எழுதினாள். தரநிலைகளில் இருந்த வரிசைப்படியே முதல் நாள் இது, இரண்டாம் நாள் இது என்று பிரித்தாள். அவன் எட்டிப் பார்த்தான்.

"உனக்கு ஸ்கூட்டர் எப்படி வந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"நீங்க பின்னாடி உட்கார்ந்து கத்துனீங்க. வந்துச்சு."

"கத்துனேன். ஹேண்டிலைத் தொட்டேனா? ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு அதுமேல உட்கார்ந்திருந்தேன்மா. இல்லேன்னா உயிர் பயத்துல புடிச்சிருப்பேன். நான் புடிச்சிருந்தா இன்னிக்கும் நான்தான் உன்னைப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்டுக்கிட்டு இருப்பேன்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு மெதுவாக நின்றது. இத்தனை ஆண்டுகளாக யார் கூப்பிட்டாலும் ஓடிப்போய், "கொடுங்க டீச்சர்," என்று மவுஸை வாங்கித் தானே செய்து முடித்திருக்கிறாள். அவர்கள் கற்றுக்கொண்டதெல்லாம் அவளைக் கூப்பிடுவது ஒன்றைத்தான். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினாள்.

புதிய திட்டம் சிறியது. கடைசி வகுப்பு முடிந்ததும் கணினி அறைக்கு வர வேண்டும். அடுத்த வாரம் உண்மையிலேயே நடத்தப்போகிற ஒரு பாடத்தைக் கையோடு கொண்டுவர வேண்டும். இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும்; ஒருவர் செய்ய, மற்றவர் சொல்லித் தரலாம். சொல்லித் தருகிறவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். தெரிந்தவர், தெரியாதவர், தலைமை ஆசிரியை, எல்லாருக்கும் அதே சட்டம்.

"மூக்கால தொடலாமா மிஸ்?" என்றார் வரலாறு டீச்சர் முதல் நாளே.

"கூடாது டீச்சர்."

"இவரு தப்பான இடத்துல தட்டறாரே! பார்த்துக்கிட்டு எப்படி இருக்கறது? கை பரபரங்குது."

"வாயால சொல்லுங்க. உங்களுக்கு வாய்க்கு என்ன குறைச்சல்?" என்று அவருக்கு ஜோடியாக உட்கார்ந்திருந்த விளையாட்டு சார் திரும்பாமலே சொன்னார். அறையே சிரித்தது. முதல் வாரம் முழுக்கக் கைகள் தாமாக முன்னால் வந்துகொண்டே இருந்தன, வந்த கையைப் பார்த்து, "கை பின்னால!" என்று மற்றவர்கள் ஒரே குரலில் கத்தினார்கள். இரண்டாம் வாரத்தில் கத்துவது குறைந்தது. ஒருநாள் மிஸ் அறையின் நடுவே நின்று, தன்னை யாருமே கூப்பிடவில்லை என்பதைக் கவனித்தாள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து குனிந்த தலைகள்மேல் விழுந்திருந்தது. அவளுக்குக் காரணமில்லாமல் எல்லார்மேலும் பிரியமாக இருந்தது.

கணக்கு சார் மட்டும் முன்னேறவில்லை. அவர் தட்டினால் டேப்லெட் அசையாது. அழுத்தினாலும் அசையாது. ஜோடி மாறி அவரோடு உட்கார்ந்த வரலாறு டீச்சர் தன் முறைக்குத் தட்டினால் உடனே கேட்கும். ஒருநாள் எல்லாரும் போன பிறகும் சார் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"இது என்னை மனுஷனாவே மதிக்கல மிஸ்," என்றார். "பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். அதுக்குள்ள என்னை வகுப்பைவிட்டு எடுத்து ஸ்டோர் ரூம்ல உட்கார வெச்சுட்டா, என்கிட்ட படிச்ச பிள்ளைங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்? நானே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடலாம்னு பார்க்கிறேன்."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். "ஒருமுறை தட்டுங்க சார், பார்க்கலாம்."

தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. அவள் திரையைப் பார்க்காமல் அவர் விரலைப் பார்த்தாள். நகக்கண் வரை வெள்ளை ஏறி, ரேகையே தெரியாமல், காய்ந்த சுண்ணாம்புக் கட்டிபோல இருந்தது அது.

"சார், போய்க் கையைக் கழுவிட்டு வாங்க. துடைக்காதீங்க. லேசா ஈரமா இருக்கட்டும்."

வந்து தொட்டார். பக்கம் புரண்டது. இன்னொரு முறை தொட்டார்; மறுபடி புரண்டது. அவர் கையை எடுத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார், திருடிவிட்டவர்போல.

"சாக்பீஸா?"

"சாக்பீஸ்தான் சார். உங்க மேல அதுக்குக் கோபமெல்லாம் இல்ல."

அவர் சிரித்த சிரிப்பு வெளியே தாழ்வாரம் வரைக்கும் கேட்டது. மறுநாளிலிருந்து சட்டைப்பையில் ஈரக் கைக்குட்டை ஒன்றை வைத்துக்கொண்டு வந்தார். சட்டை ஒரு பக்கம் எப்போதும் நனைந்தே இருந்தது. எல்லாருக்கும் கடைசியாக முன்னேறத் தொடங்கியவர், விடுமுறை நாள்களில்கூட வந்து உட்கார்ந்து, முக்கோணங்களைத் திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார்.

ஆய்வாளர்கள் வந்த அன்று அவர்கள் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தது கணக்கு சாரின் வகுப்பில்தான். மிஸ் கதவோரம் நின்றாள். பாதிப் பாடத்தில் திரை உறைந்து நின்றது. சார் திரும்பி அவளைப் பார்த்தார். வகுப்பும் பார்த்தது. அவள் கால் ஓர் அடி முன்னால் போகத் துடித்தது. இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சார் அந்தக் கைகள் போன திசையைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். கைக்குட்டையை எடுத்து விரலை நனைத்து, பாடத்தை மூடி, மறுபடி திறந்து, விட்ட முக்கோணத்திலிருந்து தொடர்ந்தார். பின் வரிசையில் ஆய்வாளர் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பாடத்தையே கவனிக்கத் தொடங்கியிருந்தார்.

எல்லாரும் தேறினார்கள்.

ஆசிரியர் அறையில் கேக் வெட்டினார்கள். வரலாறு டீச்சர் பேச எழுந்து, "நான் பேசினா நிறுத்த மாட்டேன், அதனால இவ்வளவுதான்," என்று மிஸ்ஸைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் சேர்ந்து வாங்கிய சுவர்க்கடிகாரத்தைக் கணக்கு சார்தான் கொடுத்தார். "என்னைக் கடைசி வரைக்கும் வாத்தியாராவே இருக்க விட்டீங்க," என்றார். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. மிஸ்ஸும் நன்றி சொன்னாள். வாய் உபசாரத்துக்குச் சொல்லவில்லை. தன்னை நம்பிக் கையைப் பின்னால் கட்டச் சம்மதித்த இத்தனை பெரியவர்களை நினைத்தால் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

அன்று வீட்டில் கடிகாரத்தை எங்கே மாட்டுவது என்று பேச்சு வந்தது. "ஆணி அடிக்கறதெல்லாம் நிரந்தரம் ஆனதும்," என்று கணவன் அதை ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்தான்.

ஆண்டு முடிகிற வாரத்தில் தலைமை ஆசிரியை கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். நெடுநேரம் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நான் எழுதினேன் மிஸ். சொன்னபடி எழுதினேன். உங்க பயிற்சியைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதினேன்."

"தெரியும் மேடம்."

"ரொம்ப சந்தோஷம்னு சொல்றாங்க. உங்க திட்டத்தை எல்லாப் பள்ளிக்கும் அனுப்பப் போறாங்களாம்." அவர் குரல் தாழ்ந்தது. "எல்லா ஆசிரியருக்கும் தகுதி வந்துட்டதால தனியா ஒரு கம்ப்யூட்டர் ஆசிரியர் தேவையில்லையாம். உள்ள இருக்கறவங்கள்ல ஒருத்தரையே பொறுப்பா போடச் சொல்றாங்க. கணக்கு சாரைப் போட்டிருக்கேன். அவருக்கும் இதுக்குன்னு தனியா எதுவும் தர மாட்டாங்க."

மிஸ் மேசையின் விளிம்பைப் பார்த்தாள்.

"நான் பயிற்சியைச் சுமாராப் பண்ணச் சொல்லியிருக்கணும்," என்றார் தலைமை ஆசிரியை.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க மேடம். நீங்க குறுக்க வராம விட்டீங்க. அதுக்கு நான் எப்பவும்..."

கடைசி நாள் கணினி அறைக்குள் கணக்கு சார் தயங்கித் தயங்கி வந்தார். கையில் பள்ளியின் டேப்லெட். பள்ளியைவிட்டுப் போகிறவர்களின் பெயரைப் பள்ளி இணையதளத்தின் பணியாளர் பக்கத்திலிருந்து எடுப்பது இனிமேல் பொறுப்பாளரின் வேலை. விடுமுறைக்குப் பூட்டுவதற்குள் முடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

"எனக்கு இது தெரியல மிஸ்," என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் தெரியாததுபோல இல்லை. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாமா?"

"உங்களுக்குத்தான் கெட்ட பேர் வரும் சார். திறங்க. நான் சொல்றேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் வந்து நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மேல வலது பக்கம். ஆங், அதுதான். கீழ வாங்க. இன்னும் கீழ."

அவள் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக அவள் படம் இருந்தது, வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்தது. சார் அதன்மேல் விரலை வைத்தார்.

"நிச்சயமா நீக்கவான்னு கேக்குது மிஸ்."

"ஆமான்னு கொடுங்க."

தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் கடைசி வகுப்பு எடுத்த கை. விரலில் வெள்ளை அப்பியிருந்தது. இன்னொரு முறை தட்டினார். டேப்லெட் அசையவில்லை. சட்டைப்பையைத் தடவினார், கைக்குட்டை காய்ந்திருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அதே விரலால் இரண்டு கண்களையும் துடைத்துக்கொண்டார். கண்ணிமைமேல் கொஞ்சம் சாக்பீஸ் ஒட்டிக்கொண்டது.

பிறகு தொட்டார். இந்த முறை உடனே கேட்டுக்கொண்டது.

"சரியா பண்ணிட்டீங்க சார்," என்றாள் மிஸ். அவள் கைகள் இன்னும் பின்னால்தான் இருந்தன.